ஆறு அடுப்புக் கொட்டகை

போன மாதம் தம்போயில் ஒரு கல்யாண விருந்தில் நம் வயதுக்காரர்கள் சிலர் ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு வழக்கம்போல ஒருவர் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் நாமெல்லாம் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம், ஒருத்தர் வீட்டு உலை பத்து வீட்டுப் பசியை ஆற்றும் என்றார். மற்ற நீங்களெல்லாரும் தலையாட்டினீர்கள். நானும் வாயில் ஜாங்கிரியை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சைக் கரித்தது. ஜாங்கிரிமேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன ஒற்றுமை எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தது உண்மை. அதை நான் கண்ணால் பார்த்தேன். அது போன விதத்தையும் பார்த்தேன்.

ரப்பர் விலை விழுந்த காலம். ஜொகூர் பாருவிலிருந்து உலு திராம் போகிற சாலையோரத்தில், வரிசை அறைகளான சர்க்கார் லயத்தில் குடியிருந்தோம். அப்பா ரோட்டு மண்டோர். சாலையில் கல் உடைக்கிறவர்கள், தார் ஊற்றுகிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான் மேல். எனக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. வேலை போனால் லயத்து அறையும் போயிற்று. ஆகவே ஜனங்கள் சாலையில் நடந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் கயிறு கட்டிய மண்ணெண்ணெய்த் தகரம். அந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்களாம் என்று இவர்கள் மேற்கே நடப்பார்கள். அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் கிழக்கே வருவார்கள். நடுவில் எங்கள் வாசலில் இருவரும் சந்தித்துத் தண்ணீர் குடிப்பார்கள். பால் வெட்டி மாதக்கணக்காகியும் அவர்கள் துணியிலிருந்து புளித்த ரப்பர் பால் வாடை போகவில்லை. இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் யாரோ தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று எழுந்துவிடுகிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. நடந்தவர்களுக்கு நடக்க இடமில்லாமல் போயிற்று. ஒரு நாள் சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற குழாயை அடைப்பு எடுக்கப் போன அப்பாவின் ஆட்கள், அதற்குள் இரண்டு பேர் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும். இன்னும் கொஞ்சம் மழை பெய்திருந்தால் அடைப்பை எடுக்கவே வேண்டியிருந்திருக்காது, தண்ணீரே அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அப்பா அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு வட்டாரத் தலைவரான பெங்குளுவைப் பார்க்கப் போனார். ஓடைக்கும் மரமில்லுக்கும் நடுவில் இருந்த வெற்று நிலத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலம் முடியட்டும் என்று அந்த மலாய்க்காரப் பெரிய மனிதர் சொல்லிவிட்டார்.

அந்தக் கொட்டகையைக் கட்டினது போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு என் சொந்த வீட்டைக் கட்டினபோதுகூட வரவில்லை. நடந்து களைத்திருந்தவர்களே காட்டுக் கம்புகளை வெட்டித் தூக்கி வந்தார்கள். ஆற்றங்கரைக் கிராமத்து மலாய்ப் பெண்கள் அத்தாப்பு ஓலையைத் தைத்துக் கொடுத்தார்கள். மரமில்லு முதலாளியான சீனத் தவுக்கே கழிவுப் பலகையை வாரிக்கொண்டு போகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்துகிற வேலை. பெண்கள் மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பிரித்துத் தட்டிச் சுவராக்கினார்கள். அந்தத் தகரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அதற்காகவே எல்லாரும் கத்திக் கத்திச் சிரித்தோம். தரைக்குப் புற்றுமண் கொட்டி இடித்தார்கள். மழை நனைத்த புற்றுமண் வாசம் ஊரெல்லாம் இருந்தது.

கூரை கட்டியவர் குழாயில் கிடந்த அந்தப் புருஷன்தான். மெலிந்த ஆள். ரோத்தான் பிரம்பு நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு உத்தரத்தில் உட்கார்ந்து ஓலையை வரிசை வரிசையாகக் கட்டுவார். கீழேயிருந்து பெண்டாட்டி ஓலையை எடுத்துக் கொடுப்பாள். அவளை நான் அக்கா என்றேன். உண்மையில் எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயதுக்குமேல் வித்தியாசம் இருந்திருக்காது. அதற்குள் அவளுக்குக் கல்யாணம், பால்வெட்டு, பட்டினி எல்லாம் ஆகியிருந்தன.

கூரை முடிந்த மறுநாள் அவர் வேலை தேடிக் கிளம்பினார். கடற்கரைப் பக்கம் அன்னாசித் தோட்டங்களில் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவர் கொட்டகைக் கம்பத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "யாரு கூப்பிட்டாலும் போவாத. நான் எங்கிட்டுப் போனாலும், நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இங்கதான் இரு."

அக்கா தலையாட்டினாள். அவளுக்கு வாய்த்த உத்தரவு அது ஒன்றுதான். அங்கே இருக்க வேண்டும். அவ்வளவு.

கொட்டகைக்கு வெளியே, சாய்வாகத் தகரம் போட்டு, ஒரே ஓர் அடுப்பு. அது அப்பாவின் ஏற்பாடு. கோயிலிலிருந்து அண்டாவை இரவல் வாங்கி வந்தார். அம்மா எங்கள் லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்குவாள். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் எப்படியாவது வந்து சேரும். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று உடைந்த படகுத் துடுப்பால் கிண்டுகிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. அவள்தான் முதலில் எழுந்திருப்பாள், அதனால் அவளுடையதாயிற்று. எல்லாரும் ரப்பர்ப் பால் பிடிக்கிற பீங்கான் கோப்பைகளில்தான் கஞ்சி குடிப்பார்கள். தோட்டத்திலிருந்து வரும்போது கையோடு கொண்டு வந்த பாத்திரம் அது ஒன்றுதான். கோப்பையின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரைப் பிள்ளைகள் உரித்து உருட்டிப் பந்தாக்குவோம். அந்தக் கோப்பையை இப்போது பழம்பொருள் கடையில் பூச்செடி வைக்க விற்கிறார்கள்.

பகலில் அக்கா எங்கள் வீட்டுக்கு மாவு இடிக்க வருவாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுப்பாள். பின்கதவுக்கு வெளியே ஆணியில் ஒரு வெள்ளைக் கோப்பை மாட்டியிருந்தது, அது அக்காவுக்கென்றே தனியாக வைத்தது. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமை. எனக்கு மட்டும் ஏன் அப்படித் தனிக்கோப்பை இல்லை என்று அழுது அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். ஏன் அடித்தாள் என்று அப்போது விளங்கவில்லை. விளங்கியபோது அம்மா இல்லை, கேட்பதற்கு.

அப்படி இரண்டொரு வாரம் போயிருக்கும். பிறகு பெரிய கங்காணி வந்து சேர்ந்தார். மூடிய தோட்டம் ஒன்றில் ஒரு காலத்தில் நூறு ஆளை அதட்டினவர். ஆட்கள் போய்விட்டார்கள், கோட்டும் தலைப்பாகையும் குடையும் மிஞ்சியிருந்தன. மனைவியும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். முதல் நாள் பசியில் ஒன்றும் கேட்கவில்லை, கோப்பையை இரண்டு முறை நீட்டிக் குடித்தார். மறுநாள்தான் குடையை ஊன்றிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ எந்த ஊரு, தாயி?"

"தோட்டந்தாங்க."

"தோட்டம் எல்லாத்துக்குந்தான். அதுக்கு முன்னால? ஒங்கப்பன் ஆத்தாளுக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?"

அக்கா துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "தெரியலீங்களே. எனக்கு வெவரம் தெரியறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான் இங்க பொறந்தவ. கோயிலுக்குப் பின்னால இருந்த லயத்துல."

நம் ஆட்கள் ஊர் எது, தெரு எது என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்குத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். தெரியாது என்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று கொட்டகை முடிவு கட்டிவிட்டது. மறுநாள் காலையில் கங்காணியின் மனைவி ஓடைக்கரையில் மூன்று கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து தனி அடுப்பு மூட்டினாள். அவள் அடுப்பில் நாம் ஏன் சேர வேண்டும் என்று வேறொரு கூட்டம் இன்னொரு அடுப்பு வைத்தது. பிறகு அதற்கு மேல் ஒன்று, கீழே ஒன்று. குழாயிலும் மரத்தடியிலும் ஒன்றாக நனைந்தவர்கள், வயிறு கொஞ்சம் நிறைந்ததும் அவரவர் இன்னார் என்று ஞாபகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசியில் ஐந்து அடுப்பு, கொட்டகையின் கோடியில் அக்காவின் அடுப்போடு ஆறு. கோயில் அண்டா கோயிலுக்கே திரும்பிப் போயிற்று. அங்கே அதைப் புளிபோட்டு மூன்று முறை தேய்த்தார்களாம்.

மழை வலுத்தபோது அடுப்புகளெல்லாம் கொட்டகைக்குள் வந்தன. தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் ஓலை. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒரே கூரைக்குக் கீழ ஆறு அடுப்பு வேணாங்க. எல்லாம் ஓலை," என்றாள் அப்பாவிடம்.

"சோத்து விஷயம். நான் வாயத் தொறந்தா நாளைக்கு ஒருத்தன் அங்க படுக்க மாட்டான். மழ முடியறவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்," என்றார் அப்பா.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரிடம் நின்று பேசுகிற மனிதர் அவர். தார் கொதிக்கிற பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒருவன் பீடி பற்றவைத்தால் கன்னத்தில் அறைந்துவிடுவார். ஆனால் இந்தக் காரியத்தில் அவருக்குக் கை எழும்பவில்லை. சண்டை வேண்டாம் என்று நினைத்தார். நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஒரு நாள் மழை ஓய்ந்து வெயிலும் காற்றும் அடித்தன. வெளியே ஓலை நனைந்திருந்தாலும் உள்பக்கம் தினமும் புகையில் காய்ந்து கருகி மொறுமொறுவென்றிருந்தது. கங்காணி வீட்டில் ஈர விறகைக் காயவைக்க அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மத்தியானம், நான் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவோடு இருந்தேன். படபடவென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது கொட்டகை வாசல் வழியே அந்த விறகுக் கட்டு எரிவது தெரிந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கூரை முழுவதும் பிடித்துவிட்டது. பிள்ளைகளை இழுத்து வெளியே போட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் யாரும் சாகவில்லை. பெண்கள் தட்டித் தட்டி நிமிர்த்திய தகரமெல்லாம் சுருண்டு விழுந்தது. அக்கா எரிகிற கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் புருஷன் கட்டிய முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழுந்தன.

கோடியில் இருந்த அடுப்பிலிருந்துதான் பொறி பறந்தது என்று கங்காணி சொன்னார். கோடியில் இருந்தது அக்காவின் அடுப்பு. அம்மா கண்டதைச் சொல்ல வாயெடுத்தாள். யார் அடுப்பு என்று இப்போது எதற்கு, நடந்தது நடந்துவிட்டது என்று அப்பா அடக்கிவிட்டார். அவர் அதைக் கங்காணியைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அடிதடி வரக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் பழி அக்காவின் தலையிலேயே தங்கிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் மேசையில் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் லயத்திலும், மரமில்லிலும், இன்னும் மூடாத தோட்டங்களிலும் இருந்தவர்கள் வந்து, நம்ம ஊர்க்காரங்க, நம்ம பக்கத்து ஆளுங்க என்று அவரவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உண்மையிலேயே ஒற்றுமைதான். கங்காணியைக் குடைபிடித்து அழைத்துப் போனார்கள். ஊர் இல்லாதவளைக் கூட்டிப்போக யாருக்கும் உரிமை இல்லை. கருகின கம்பத்தில் சாய்ந்து அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். ஒரே அறை, எங்கே படுக்க வைப்பது என்றாள் அம்மா. அதே அறையில் அம்மாவின் தூரத்துச் சித்தப்பா ஒருவர் அதற்கு முந்தின வருஷம் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருந்தார். அப்பா அக்காவை ரோட்டுச் சாமான் கொட்டடியில், மண்வெட்டிகளுக்கும் தார்ப் பீப்பாய்களுக்கும் நடுவில் தங்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டால் அப்பாவின் வேலைக்கே ஆபத்து. அதுவும் உண்மை.

அங்கேயிருந்து அவள் பகலெல்லாம் எரிந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். அவர் வந்தால் அங்கேதானே வருவார்.

வேலையில்லாமல் சாலையில் கிடப்பவர்களைக் கப்பலேற்றி இந்தியாவில் அவரவர் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு காலையில் ஜொகூர் பாருவிலிருந்து லாரி வந்தது, வேலையில்லாதவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு கிராணி மேசை போட்டு உட்கார்ந்து பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று கேட்டு எழுதி, ஒவ்வொருவராக ஏற்றினார். அக்கா வரிசையில் நிற்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். தீப்பிடித்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். "எனக்குத்தான் ஊரே இல்லியே பாப்பா, எங்க அனுப்புவாங்க?" என்று மெல்லச் சொன்னாள்.

அவள் நினைத்தது சரி. ஊர் தெரியவில்லை என்றதும் கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊர் இல்லாமல் எழுத முடியாது, இந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். அக்கா வரிசையை விட்டு நகர்ந்தாள். அவளைக் கொட்டகையில் தலைகுனிய வைத்த அதே இல்லாத ஊர் அவளைக் காப்பாற்றிவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு நிமிஷம் காப்பாற்றியது.

அப்பா முன்னால் வந்தார். தன் ஊரின் பெயரைச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது அவளுடைய ஊர் என்று இன்னொரு முறை ஆகிவிடும்.

கிராணி எழுதிக்கொண்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

"மண்டோரய்யா, அது எனக்குத் தெரியாத ஊருங்க."

"அங்க எங்க ஆளுங்க இருக்காங்க தாயி. என் பேரச் சொன்னாப் போதும், சோறு போடுவாங்க. இங்க கெடந்து சாவப் போறியா? அவன் வந்தா அடுத்த கப்பல்ல நான் அனுப்பி வைக்கறேன்."

"நான் இங்கதாங்க இருக்கணும். இருன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். பரிதாபப்பட்டுத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன். கொட்டடியிலிருந்து அவள் போனால் நல்லது என்றும் நினைத்திருப்பார். இரண்டும் ஒரே மனசில் இருக்கும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. அக்காவை லாரியில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை, திமிறவில்லை. லாரி கிளம்பும்போது என் பக்கமாகக் குனிந்து, "அவரு வந்தா, நான் போவமாட்டேன்னுதான் சொன்னேன்னு சொல்லு பாப்பா," என்றாள்.

தை பிறந்து வெயில் வந்த பிறகு அவர் வந்தார். கொட்டகை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அவர் அந்தப் புல்லின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்ப்பதை எங்கள் வாசலிலிருந்து முதலில் நான்தான் பார்த்தேன். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். தோட்டத்து ஓரத்தில் சின்னதாக ஒரு குடிசையும் போட்டுவிட்டாராம். அடுப்புக்குத் தனியாக ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறேன், புகை வீட்டுக்குள் வராது என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் எங்கே என்று கேட்டார்.

அப்பா சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்கு ஊரு கெடையாதுங்களே," என்றார்.

எங்கள் ஊருக்குத்தான் அனுப்பியிருக்கிறது, அங்கே பத்திரமாக இருப்பாள் என்று அப்பா சொல்லி, ஊரின் பெயரைச் சொன்னார். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னார். அப்பா மறுபடி சொன்னார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுச் செம்பில்தான் கொடுத்தாள்.

அவர் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்தார். சாலைவரைக்கும் நான் கூடப் போனேன். அக்கா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு, "அந்த ஊரு பேரு என்னா சொன்னாங்க பாப்பா?" என்று கேட்டார். சொன்னேன். "சரியாச் சொல்றேனா?" என்று அவரும் சொல்லிக் காட்டினார். சரி என்றேன். அவர் அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஜொகூர் பாரு பக்கமாக நடந்தார். அதற்குப் பிறகு அவரையும் அக்காவையும் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஏங்க, அந்த ஊர்ல நம்மளுக்கே இப்ப யாரு இருக்கா? காலராவுல எல்லாம் போய்ச் சேந்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கிராணி கேட்டான். ஏதாச்சும் ஒரு ஊரு சொல்லணும்ல," என்றார்.